ஜெபத்தில் சகோதரர், விளம்பரத்தில் சாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் புரட்டுவது மணமக்கள் தேவைப் பக்கத்தைத்தான். மகளுக்கு வரன் பார்க்கிறோம். ‘இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற, ஊழிய வாஞ்சையுள்ள மணமகள் தேவை’ என்று ஒரு விளம்பரம். சரி, நல்ல குடும்பம்போல என்று நினைத்தால், அடுத்த வரியிலேயே சாதியும் உட்பிரிவும். பரலோகத்தில் உட்பிரிவு வாரியாகத்தான் இடம் ஒதுக்குவார்களோ என்னவோ.

இது மணப்பந்தலோடு நிற்கவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் பிரித்துச் சுவர் எழுப்பினார்கள். எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் சம உரிமை கேட்டதால் மூண்ட மோதல், 2008 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இரண்டு உயிர்கள் போயின. இந்தியக் கத்தோலிக்கர்கள் சுமார் 1.9 கோடி பேரில் 1.2 கோடி பேர் தலித்துகள் என்றும், திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்றும் ஆயர் பேரவையே 2016இல் ஒப்புக்கொண்டது. எங்கள் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளும் யோக்கியமில்லை. பல சபைகள் சேர்ந்த திருமண்டலத்தின் நிர்வாகத் தேர்தல் வந்தால் எந்தச் சாதிக்கு எத்தனை ஓட்டு என்று கணக்குப் போடுகிறோம், தோற்றால் நீதிமன்றப் படியேறுகிறோம்.

பையன்கள் கோயிலுக்கு வருவதில்லை என்று போதகர் வருத்தப்படுகிறார். போன வாரம் என் மகள் அந்த விளம்பரத்தை வாங்கிப் படித்துவிட்டு, “அப்பா, இதில் இயேசுவுக்குப் பெண் கொடுப்பார்களா?” என்று கேட்டாள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை