பிஸ்கட்டின் ஊசி அட்டை

திருவையாறு,
ஞாயிறு காலை

அன்புள்ள செந்திலுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ போன் பண்ணி மூன்று ஞாயிறு ஆகிறது. வேலை இருக்கும். நான் எதுவும் கேட்கவில்லை.

நீ கொண்டுவந்து விட்ட நாய் நன்றாக இருக்கிறது. பிஸ்கட் என்ற அந்தப் பெயரைத் தெருவில் கத்திக் கூப்பிடக் கூச்சமாக இருக்கிறது. 'ஏய்' என்றுதான் கூப்பிடுகிறேன். விடிகாலை ஐந்துக்கெல்லாம் போர்வையைப் பிடித்து இழுக்கும். வாரத்துக்கு 150 நிமிஷமாவது நடங்கள் என்று டாக்டர் ஆறு வருஷமாகச் சொன்னார், கேட்டேனா? அவரிடம் சாக்குச் சொல்லலாம், இதனிடம் முடியவில்லை. புஷ்ய மண்டபத் துறை வரை போய்த் திரும்ப அரை மணி. வெயில் ஏறினால் தார் ரோடு அதன் பாதத்தைப் பொசுக்கிவிடும், அதனால் தள்ளிப்போடவும் வழியில்லை. மூன்று மாதச் சர்க்கரை சராசரி 8.4 இருந்தது, இப்போது 7.1. நடக்கிற காலே ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறதாம். மாத்திரையை நிறுத்தவில்லை, பயப்படாதே. வரப்புத் தகராறுக்குப் பிறகு முகம் பார்க்காத மேலத்தெருப் பங்காளிகூட நேற்று நின்று, "கடிக்குமா?" என்று கேட்டார்!

நீயும் நட. நாளெல்லாம் உட்கார்ந்த வேலை, ராத்திரி ஓட்டல் பரோட்டா. உனக்கும் நம் வீட்டு ரத்தம்தானே? சாப்பிட்டதும் பத்து நிமிஷமாவது நட. செருப்போடு வேண்டாம், ஷூ போட்டு நட.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. துறையில் மூன்றாவது படிக்கு வந்ததும் பிஸ்கட் உட்கார்ந்துவிடுகிறது, இழுத்தாலும் எழுந்திருப்பதில்லை. போன தீபாவளிக்கு அந்தப் படியில் அதோடு யார் உட்கார்ந்திருந்தது என்று உனக்குத் தெரியும்.

நாலாம் வகுப்பில் பாதி வருஷம் நீ நாகப்பட்டினத்தில் படித்தாயே. மாமாவுக்கு ஒத்தாசையாக அம்மா போயிருந்தாள் என்று சொன்னது பொய். நான் போய்க் கூப்பிடவில்லை. ரோஷம். எட்டு மாதம். கடைசியில் தாத்தாதான் பஸ் ஏறிப் போனார். இன்றுவரை உன் அம்மாவிடம் அதற்கு ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை.

நட, மறக்காதே.

பிஸ்கட்டுக்கு வருஷா வருஷம் போடுகிற வெறிநாய்க்கடி ஊசி அடுத்த மாதம் வருகிறது. அட்டை உன் மனைவியிடம் இருக்கிறது. கூரியரில் அனுப்பச் சொல்லாதே, நேரில் போய் வாங்கிக்கொண்டு வா.

அப்பா