பையைத் திறந்தபின் நேரமில்லை

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை, கண் ஆபரேஷன். வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்திருக்கிறார்கள். குனியக் கூடாது, தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. பதினைந்து வருடமாகத் தினமும் உப்புத் தண்ணீரில் முழங்கை வரை விட்டு அளைந்துகொண்டிருந்தவனுக்கு இதைவிடத் தண்டனை ஏது? தொட்டியை இப்போதைக்கு மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிறேன். என்னைவிட அவள் நன்றாகவே செய்கிறாள், அதை அவளிடம் சொல்லவில்லை.

ஓய்வு பெற்றதும் நீ 400 லிட்டரில் கடல் மீன் தொட்டி வைத்து, பாறை அடுக்கி, மூன்று மாதம் மீனில்லாமல் ஓடவிட்டு, இப்போது முதல் மீன்களை விமானத்தில் வரவழைக்கப் போகிறாய் என்று படித்ததும் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. மூன்று மாதம் காத்திருந்தாய் பார், அதுவே பெரிய விஷயம், கல்லூரியில் பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் நிற்க மாட்டாயே நீ. ஆனால் கடைசிப் பக்கத்தில், 'பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, ட்யூப் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று மணி நேரம் பழக்கினால் போதும்தானே?' என்று போகிறபோக்கில் கேட்டிருக்கிறாய். இந்தக் கடிதம் அந்த ஒரு வரிக்காகத்தான். போதாது. அது மட்டுமில்லை, நெடுந்தூரம் வந்த மீனுக்கு அதைச் செய்யவே செய்யாதே.

நானும் அப்படித்தான் வருடக்கணக்கில் செய்துகொண்டிருந்தேன், பொறுமைசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டு. ஒரு தடவை காப்பர்பேண்ட் பட்டாம்பூச்சி மீன் ஒன்று வந்தது, நீண்ட மூக்கும் ஆரஞ்சுப் பட்டையுமாக. பையில் நன்றாகவே நீந்திக்கொண்டிருந்தது. வாளியில் ஊற்றி, காற்றுக் குமிழி விடுகிற ஏர் ஸ்டோன் போட்டு, ஒரு விநாடிக்கு இரண்டு சொட்டு என்று எண்ணி எண்ணி விட்டேன். முதல் அரைமணி ஒன்றுமில்லை. ஒரு மணி நேரத்தில் செவுள் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. புது இடம், பயந்திருக்கும், இன்னும் மெதுவாக விடுவோம் என்று சொட்டைக் குறைத்தேன். மூன்றாவது மணி நேரத்தில் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. ராத்திரிக்குள் போய்ச் சேர்ந்தது. அனுப்பியவரைத்தான் மனசுக்குள் திட்டினேன். கொன்றது நான் என்று புரிய இரண்டு வருடம் ஆயிற்று.

விஷயம் இதுதான். மீன் அந்தப் பைக்குள் இருபது, முப்பது மணி நேரம் அடைபட்டுக் கிடக்கிறது. அது விடுகிற மூச்சில் கரியமில வாயு தண்ணீரில் கரைந்துகொண்டே போக, 8.2 போல இருக்க வேண்டிய பிஹெச் 7-க்குக் கீழேகூட இறங்கிவிடும். இன்னொரு பக்கம் செவுள் வழியாக அம்மோனியா வெளியே வந்துகொண்டே இருக்கிறது, அது போக இடமில்லை. (அனுப்புவதற்கு முன் மீனை ஒன்றிரண்டு நாள் பட்டினி போடுவதே இதைக் குறைக்கத்தான்.) ஆனால் பிஹெச் இறங்கியிருப்பதால் அந்த அம்மோனியாவில் பெரும்பகுதி அம்மோனியமாக மாறி நிற்கிறது, அதன் விஷம் மிகக் குறைவு. ஒரு கெடுதல் இன்னொரு கெடுதலை அடக்கிவைத்திருக்கிறது என்று வைத்துக்கொள். நீ பையைத் திறக்கிறாய், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி கரியமில வாயு பறந்துவிடுகிறது, பிஹெச் ஏறுகிறது, 7-லிருந்து 8 என்று ஒரு எண் ஏறினாலே விஷ அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. அதில் ஏர் ஸ்டோனும் போட்டு, 8.2-ல் இருக்கிற தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகவும் சேர்த்தால் என்ன ஆகும்? நான் மூன்று மணி நேரம் பார்த்துப் பார்த்துச் செய்தது அதைத்தான்.

பக்கத்துக் கடையிலிருந்து அரைமணி நேரத்தில் வீட்டுக்கு வந்த மீன் என்றால் சொட்டு முறையால் கெடுதலில்லை. இறால், நட்சத்திர மீன் இவற்றுக்கு அது தேவையும்கூட, உப்பளவு சட்டென்று மாறினால் அவற்றால் தாங்க முடியாது. ஆனால் விமானத்தில் வந்த மீனுக்கு ஒரே வழி, பையைத் திறக்கும் முன்பே எல்லாவற்றையும் தயாராக வைத்திருப்பது. அனுப்புகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: எந்த உப்பளவில் பேக் பண்ணுகிறீர்கள்? கடல் நீரின் அடர்த்தி (நன்னீர் 1 என்ற கணக்கில்) 1.026 என்றால் பல வியாபாரிகள் 1.018, 1.020 என்று குறைவாகத்தான் வைத்திருப்பார்கள். உன் தனித்தொட்டியில் (புது மீனைத் தனியே வைத்துக் கவனிக்கிற சின்னத் தொட்டி, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்) அதே அளவில் தண்ணீர் தயார் பண்ணிவை. பெட்டி வந்ததும் அறை விளக்கை மங்கலாக்கு, பாவம் அது இருட்டிலிருந்து வருகிறது. பையை மூடியபடியே 15, 20 நிமிடம் மிதக்கவிடு, வெப்பம் சமமாகட்டும். பிறகு பையின் ஓரத்தைக் கத்தரித்து ஒரே ஒரு சொட்டை எடுத்து, உப்பளவு காட்டுகிற ரிஃப்ராக்டோமீட்டரில் பார். நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடு எங்கே நிற்கிறது என்று. தொட்டியும் பையும் 0.002-க்குள் ஒத்துப்போனால் மீனை எடுத்து உள்ளே விட்டுவிடு, அவ்வளவுதான். பைத் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போக வேண்டாம். தொட்டியில் உப்பு கூடுதலாக இருந்தால், பக்கத்தில் ஒரு ஜக்கில் ஆர்ஓ தண்ணீர் வைத்திரு, உடனே ஊற்றிக் குறைத்துக்கொள்ளலாம்.

உப்பு குறைந்த பக்கம் போவதை மீன் தாங்கும், கூடுகிற பக்கம்தான் ஆபத்து. கடல் மீனுக்கு எந்நேரமும் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே இழுபட்டுக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் அது கடல் நீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. 1.019-லிருந்து நேராக 1.026-க்குத் தூக்கிப் போட்டால் கடல் நடுவே வறண்டு போகும். அன்றைக்கு நன்றாக இருக்கும், இரண்டு மூன்று நாள் கழித்துக் காரணமே தெரியாமல் சாகும். அது சாப்பிட ஆரம்பித்த பிறகு நாளொன்றுக்கு 0.002 என்று ஏற்று. ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்து நம்பாதே, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவம் விற்கிறார்களே, அதில் சரிபார். என் ரிஃப்ராக்டோமீட்டர் ஒரு காலத்தில் 0.003 பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

சரி, தனித்தொட்டி. 'ஒரே ஒரு மஞ்சள் டாங் மீன், அதுவும் பண்ணையில் பிறந்தது, அதற்குமா குவாரன்டைன்?' என்று கேட்டிருக்கிறாய். மஞ்சள் டாங்கைத் தொட்டியில் பொரிக்கவைத்து வளர்க்க முடியும் என்பதே 2015-ல் ஹவாயில் ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட்டில் செய்துகாட்டிய பிறகுதான் நடைமுறைக்கு வந்தது. நல்ல விஷயம்தான், கடலிலிருந்து வலை போட்டு எடுக்காத மீன். ஆனால் அது பண்ணையிலிருந்து உன் வீட்டுக்கு நேராக வரவில்லையே, நடுவில் மொத்த வியாபாரியின் தொட்டியில் நின்று வருகிறது. அங்கே பல தொட்டிகளுக்கு ஒரே ஃபில்டர், ஒரே தண்ணீர். பிறந்த இடம் சுத்தம் என்பதால் வந்த வழியும் சுத்தம் என்று ஆகிவிடாது.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் கசப்பு. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜோடி கோமாளி மீன் வாங்கினேன். 'எங்களிடம் இரண்டு வாரமாக இருக்கு சார், நல்லா சாப்பிடுது' என்றார் விற்றவர். அவர் பொய் சொல்லவில்லை. நேராகப் பெரிய தொட்டியில் விட்டேன். ஐந்தாம் நாள் காலையில் மீன்கள் எல்லாம் பவர்ஹெட் (நீரோட்டம் உண்டாக்குகிற பம்ப்) முன்னால் போய், வாயைத் திறந்தபடி நீரோட்டத்தில் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றன. விளக்கைப் போட்டால் ஒதுங்கின. பொட்டு ஒன்றுமில்லை. ஏதோ ஆக்சிஜன் குறைவு என்று நினைத்தேன். மறுநாள் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தபோது உடம்பெல்லாம் மாவு தூவினதுபோல மெல்லிய மஞ்சள் தூசு. வெல்வெட். ஆமிலூடினியம் என்கிற ஒட்டுண்ணி, அது முதலில் செவுளைத்தான் பிடிக்கும், தோலில் தெரிகிற நேரத்தில் பாதி வேலை முடிந்திருக்கும். பதினோரு மீனில் எட்டு மூன்றே நாளில் போயின. ஒன்பது வருடம் என்னோடு இருந்த மெரூன் கோமாளியும் போயிற்று. அதற்கு நான் பெயர் வைத்திருந்தது உனக்குத் தெரியும், சிரிக்காதே.

வெண்புள்ளி நோய், அதாவது இக், வேறு மாதிரி ஏமாற்றும். மீன் மேல் உப்புக்கல் ஒட்டினாற்போல் பொட்டு வரும், ஒரு வாரத்துக்குள் மறைந்துவிடும். 'குணமாயிடுச்சு' என்று நாமும் நிம்மதியாவோம். உண்மையில் அது கொழுத்து உதிர்ந்து, மணலிலும் பாறையிலும் கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பெருகி, அடுத்த சுற்றுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். ஒரு கூடு 72 நாள் கழித்துத் திறந்ததுகூட ஆய்வில் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் நோய் வந்த தொட்டியை 76 நாள் மீனில்லாமல் போடு என்று ஒரு கணக்கு. நானும் போட்டேன். தினமும் காலையில் மீனில்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டு காபி குடிப்பது எப்படி இருக்கும் என்று எழுதத் தெரியவில்லை.

தனித்தொட்டி பெரிய சமாச்சாரம் இல்லை. 60, 80 லிட்டர் போதும். மணல், பாறை எதுவும் வேண்டாம், மருந்தை உறிஞ்சிவிடும். ஒளிந்துகொள்ள பிவிசி எல்போ நாலைந்து, ஹீட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், மூடி. மூடியை மறக்காதே, புது மீன் துள்ளும். அந்த ஸ்பாஞ்சை இன்றைக்கே உன் பெரிய தொட்டியின் சம்ப்பில் (அதோடு இணைந்த ஃபில்டர் தொட்டியில்) போட்டுவை, மீன் வரும்போது அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா அதில் குடியேறியிருக்கும். அது ஒன்றைச் செய்யாததால்தான் பலரும் தனித்தொட்டியில் மீன் சாகிறது என்று சொல்லித் தனித்தொட்டியையே வெறுக்கிறார்கள், கொன்றது நோயோ மருந்தோ இல்லை, அம்மோனியா. பெரிய தொட்டியிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல் தள்ளி வை, வெல்வெட் தெறிக்கிற திவலையிலேயே பயணம் போகும். வலை, வாளி, துண்டு எல்லாம் தனித்தனி.

வந்த மீன் முதலில் சாப்பிடட்டும், மூச்சு திணறாத வரை மருந்துக்கு அவசரப்படாதே. பிறகு காப்பர், அதாவது செம்பு மருந்து. கீலேட்டட் வகை (செம்பை வேறொரு பொருளோடு பிணைத்தது) என்றால் 2 முதல் 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), அயனி வகை என்றால் 0.5, இரண்டையும் குழப்பினால் மீன் காலி. இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றி, 30 நாள் ஒரே அளவில் நிறுத்து. கூட்டுக்குள் இருப்பதை மருந்து தொடாது, வெளியே நீந்தி வருவதை மட்டும்தான் கொல்லும், அதனால்தான் இவ்வளவு நாள். நிறம் பார்த்துச் சொல்கிற டெஸ்ட் கிட்டை நம்பாமல் டிஜிட்டல் மீட்டர் வாங்கிக்கொள். காப்பர் இருக்கிற தண்ணீரில் அம்மோனியாவை அடக்கும் கண்டிஷனர் திரவங்களை ஊற்றாதே, காப்பரின் விஷம் ஏறிவிடும். அம்மோனியா ஏறினால் தண்ணீரை மாற்று, புதுத் தண்ணீருக்கும் அதே அளவு மருந்து கலந்து.

ஃப்ளூக் என்று ஒன்று இருக்கிறது, தட்டையான புழு. கண்ணாடி மாதிரி, மீன் மேல் இருந்தாலும் தெரியாது. போன வருடம் வந்த ஒரு ஏஞ்சல் மீன் உடம்பைச் சுவரில் தேய்த்துக்கொண்டே இருந்தது. ஒரு கறுப்பு வாளியில் குளோரின் இல்லாத நன்னீர், தொட்டியின் அதே வெப்பம், சமையல் சோடா போட்டு அதே பிஹெச், காற்றுக் குழாய். மீனை உள்ளே விட்டதும் செத்ததுபோல் சாய்ந்து படுத்தது, மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது நிமிடத்தில் கண்ணின் மேல் ஒரு வெள்ளைப் பொட்டு எழுந்தது, பிறகு வயிற்றில், வாலோரத்தில். எள்ளளவு வெள்ளைத் தகடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று கறுப்பு அடியில் உதிர்ந்தன. ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டோம். முப்பதுக்கு மேல் எண்ணினாள். அது முதலுதவிதான், முட்டையை அது ஒன்றும் செய்யாது, பிராசிகுவான்டல் என்கிற புழு மருந்தை ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை போட வேண்டும், அப்போது காற்றை அதிகமாக்கு.

எல்லாம் முடிந்து இரண்டு வாரம் மருந்தில்லாமல் சும்மா கவனி. அதற்கப்புறம் பெரிய தொட்டி. முதல் மீன் டாங் என்று எழுதியிருக்கிறாய், அதை மட்டும் மாற்றிக்கொள். கடைசியில் விட வேண்டியது அது, முதலில் விட்டால் வீட்டுக்காரனாகிப் பின்னால் வருகிறவனை எல்லாம் வெட்டும். வாலடியில் இருப்பது நிஜமான கத்தி.

பெட்டி என்றைக்கு வருகிறது என்று தேதி எழுது. வந்த அன்று ஃபோன் பண்ணு, பையைத் திறப்பதற்கு முன்னால். திறந்தபிறகு என்னோடு பேசிக்கொண்டிருக்க உனக்கு நேரமிருக்காது.

அன்புடன்,
சேகர்

பி.கு.: ஸ்பாஞ்சைச் சம்ப்பில் போட்டாயா? கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதைச் செய்.