அருந்ததி தெரிய ஒரு கூரை: நகர மன்றங்களுக்கும் வீவகவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர மன்றத்தாருக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தாருக்கும்,

வணக்கம். பேட்டைக்கு ஒரு பலமாடி கார் நிறுத்துமிடம், மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, இரவு 8.15 முதல் 10 மணி வரை. நாங்கள் நட்சத்திரம் பார்க்க, அந்த நேரத்தில் அதன் கூரையில் சில விளக்குகளை அணைத்துத் தாருங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான். எந்தக் கூரை, எந்த விளக்கு, எந்தச் சனிக்கிழமை, எங்கே சறுக்கும் என்பதை எழுதத்தான் இந்த மடல்.

சிங்கப்பூரில் நட்சத்திரம் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால் வழக்கமான பதில் ஒன்று உண்டு: மரினா பராஜ், சாங்கிக் கடற்கரை, லிம் சூ காங், புலாவ் உபின். பதில் தவறில்லை, ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு முள் இருக்கிறது. பராஜின் புல்தரையில் வானம் விரிந்து கிடக்கும். வடமேற்கே மரினா பே கட்டடங்கள் கண்ணைப் பறிக்கும், தெற்கே நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள். நிலவுக்கும் கோள்களுக்கும் அந்த இடம் போதும். உபினில் ஓரளவு இருட்டு உண்டு. வடகரையில் நின்றால் எதிரே மலேசியாவின் பாசிர் கூடாங் வெளிச்சத்தைக் கொட்டும். இரவு தங்காமல் திரும்ப நினைத்தால் படகு கிடைக்குமா என்ற கவலை வேறு. கோனித் தீவு, சுங்கை பூலோ, புக்கிட் தீமா வனப்பகுதி எல்லாம் மாலை 7 மணிக்கு மூடப்படுபவை. நம் ஊரில் சூரியன் மறைவதே 7 மணியை ஒட்டித்தான். வானம் உண்மையில் இருளக் கூடுதலாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மலேசியாவின் மெர்சிங் பக்கம் போனால் நல்ல இருட்டு கிடைக்கும். அதற்கு எல்லை தாண்ட வேண்டும், வண்டி வேண்டும், விடுப்பும் வேண்டும். முழங்கால் வலியுள்ள பாட்டிக்கும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கும் அது ஒரு பதிலே அல்ல.

துவாஸிலிருந்து சாங்கி வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அதற்குள் எங்கே ஓடினாலும் ஒரே ஒளிக்குடையின் கீழ்தான் நிற்கிறோம். 2016ல் வெளியான உலக ஒளிமாசு வரைபடம் சிங்கப்பூரைத்தான் முதலிடத்தில் வைத்தது: கண் முழுமையாக இருட்டுக்குப் பழகவே முடியாத வானத்தின் கீழ் நாட்டு மக்கள் அனைவரும் வாழ்கிறார்கள் என்றது. லிம் சூ காங்கும் தோ பாயோவும் ஒன்றல்ல, வித்தியாசம் இருக்கிறது. ஆனால் ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஈடு செய்யும் வித்தியாசமா என்றால், பெரும்பாலான இரவுகளில் இல்லை என்பதே எங்கள் மதிப்பீடு.

நட்சத்திரத்தை மறைக்கும் வெளிச்சம் இரண்டு வகை. ஒன்று, ஊரின் வெளிச்சமெல்லாம் மேலே போய் ஈரக்காற்றிலும் தூசியிலும் பட்டுச் சிதறி வானத்தையே சாம்பல் நிறமாக்குவது. அதை நீங்கள் ஒரு பேட்டையில் மாற்ற முடியாது. இன்னொன்று, பக்கத்து விளக்குக் கம்பத்திலிருந்து நேராகக் கண்ணுக்குள் விழுவது. இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். ஒரே ஒரு வெள்ளை எல்இடி விளக்கு அதை நொடியில் கலைத்துவிடும். இந்த இரண்டாவது வகை உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே எங்களைப் பொறுத்தவரை நல்ல இடம் என்பது தொலைவில் இருக்கும் இடமல்ல, எந்த விளக்கும் நேராகக் கண்ணில் படாத இடம். இரவில் தரையில் உங்கள் நிழல் தெளிவாக விழுகிறது என்றால் அந்த இடம் ஆகாது. இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை.

இருட்டை அளக்கவும் நம்மிடமே ஓர் அளவுகோல் இருக்கிறது: அருந்ததி. சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடு மீன் வசிஷ்டர். அதை ஒட்டி, நிலவின் அகலத்தில் பாதிகூட இல்லாத தூரத்தில் அருந்ததி. வசிஷ்டரின் பிரகாச எண் 2.2, அருந்ததியின் எண் 4.0 (எண் கூடினால் ஒளி குறைவு), அதாவது ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நம் பேட்டைகளில் வெறுங்கண்ணுக்கு வசிஷ்டர் தெரிவார். அருந்ததி பெரும்பாலும் தெரிவதில்லை. (கல்யாணத்தில் ஐயர் பட்டப்பகலில் மண்டபக் கூரையைக் காட்டி "அதோ அருந்ததி" என்கிறார், நாமும் தலையாட்டுகிறோம். இங்கே இரவிலும் அதே கதைதான்.) விளக்கை அணைப்பதற்கு முன் ஒருமுறை, அணைத்து 20 நிமிடம் கழித்து ஒருமுறை அருந்ததியைத் தேடிப் பாருங்கள். தெரிந்தால் கூரை தேறிவிட்டது. தெரியாவிட்டாலும், 10×50 இருகண்ணோக்கியில் கட்டாயம் தெரியும். பிள்ளைகள் வாய்விட்டுக் கத்துவது அப்போதுதான்.

எந்தக் கூரை? இங்கேதான் நம் ஊரின் பெரிய வரம் இருக்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றேகால் பாகை சொச்சத்தில் இருக்கிறோம். அதனால் துருவ நட்சத்திரம் அடிவானத்தோடு போய்விடும், அதைத் தேட வேண்டாம். பதிலுக்கு மே மாத இரவு 9 மணிக்கு வடக்கே சப்தரிஷி, தெற்கே திரிசங்கு எனப்படும் தெற்குச் சிலுவை, இரண்டும் ஒரே நேரத்தில் நிற்கும். சென்னையில் சிலுவை இன்னும் தாழ்வாகத்தான் நிற்கும், லண்டனில் எழவே எழாது. ஆனால் இங்கும் இரண்டும் உயரத்துக்கு வருவதில்லை. சிலுவையின் அடி மீன் 25 பாகைக்குச் சற்று மேல்தான் ஏறும். அருந்ததி 36 பாகை. கையை நீட்டி முட்டி மடக்கினால் ஒரு முட்டி சுமார் 10 பாகை. ஆக, தெற்கே இரண்டு முட்டிக்குக் கீழும் வடக்கே மூன்று முட்டிக்குக் கீழும் கட்டடங்கள் அடங்க வேண்டும்.

கணக்குப் போட்டால் இப்படி வருகிறது. 12 மாடி புளோக் சுமார் 36 மீட்டர் உயரம். தரையில் நின்று பார்த்தால் அது 20 பாகைக்குள் அடங்க 100 மீட்டர் விலகி நிற்க வேண்டும். 6 மாடி கார் நிறுத்துமிடத்தின் கூரையில், அதாவது சுமார் 18 மீட்டர் மேலே நின்றால், 50 மீட்டர் போதும். கூரை கேட்பதற்குக் காரணம் இந்தப் பாதித் தூரம்தான். புதிய பேட்டைகளின் 40 மாடி புளோக் என்றால் கதை வேறு: கூரையிலிருந்தும் 280 மீட்டர் வேண்டும், கிடைக்காது. அங்கே தெற்கு மறைந்திருந்தால் அந்தக் கூரையை விட்டுவிட்டு, தெற்கே பள்ளித் திடலோ கால்வாயோ இருக்கும் கூரையாகத் தேடுங்கள். தலைக்கு மேல் மட்டும் திறந்திருக்கும் கூரையும் வீணல்ல. ஜனவரி, பிப்ரவரியில் திருவாதிரை இருக்கும் ஓரியன் உச்சந்தலையில் நிற்கும்.

தோட்டமும் புல்லும் உள்ள கூரை இருந்தால் அதையே எடுங்கள். வெறும் கான்கிரீட் தளம் பகல் வெயிலைக் குடித்துவிட்டு இரவு 10 மணி வரை சூட்டைக் கக்கும். தொலைநோக்கியில் சனிக்கோள் கொதிக்கும் பாலில் மிதப்பதுபோல் நெளியும். கீழே கார் ஏறும்போது தளம் லேசாக அதிரும், அதுவும் தெரியும். முக்காலியைத் தளத்தின் நடுவில் வைக்காமல் தூணுக்கு நேர் மேலே வைத்தால் அதிர்வு குறையும். தொலைநோக்கியைக் குளிர்சாதன அறையிலிருந்து நேராகக் கொண்டுவந்தால் வில்லை முழுக்கப் பனிமூட்டம். துடைக்கக்கூடாது, மூடியோடு அரை மணி நேரம் வெளியே வைத்தால் தானே தெளியும்.

இனி விளக்கு. எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லவில்லை. மாடிப்படி, மின்தூக்கி முகப்பு, சரிவுப் பாதை மூன்றிலும் விளக்கு எரியட்டும், யாரும் விழக்கூடாது. கூரையின் திறந்த பகுதியில் உள்ள கம்ப விளக்குகளும் சுவரில் சாய்த்துப் பொருத்திய ஒளிவீச்சு விளக்குகளும்தான் அணைய வேண்டியவை. அசைவு உணரி உள்ள விளக்குகளில் ஒரு சிக்கல்: யாராவது நடந்தாலே அவை பளீரென எரியும், 20 நிமிடப் பொறுமை பாழ். அவற்றை அன்றிரவு சுவிட்ச் பெட்டியிலேயே நிறுத்தினால்தான் பயன். அணைக்க முடியாத முகப்பு விளக்குக்கு, மேட் கறுப்புப் பூசிய அலுமினியத் தகட்டை மறைப்பாக வைக்கலாம். சிவப்பு செலோபேன் தாளை விளக்கின்மேல் நேரடியாகச் சுற்றிவிடாதீர்கள், சூடு வெளியேற இடைவெளி வேண்டும். தாள் கைவிளக்குக்குத்தான்: இரண்டு மடிப்பு போதும். மங்கிய சிவப்பு, இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுப்பதில்லை. உண்மையைச் சொன்னால் அன்றிரவின் மிகப் பெரிய எதிரி உங்கள் விளக்கல்ல, எங்கள் கைப்பேசி. ஒருவர் வாட்ஸ்அப் திறந்தால் பக்கத்தில் நிற்கும் மூவரின் பார்வையும் போச்சு. நுழைவிலேயே அறிவிப்பு வைப்பது நல்லது.

பக்கத்து புளோக்கின் தாழ்வார விளக்குகளை அணைக்க முடியாது, கேட்கவும் மாட்டோம். 50 மீட்டர் தள்ளியுள்ள 12 மாடி புளோக்கை மறைக்க 1.8 மீட்டர் உயரக் கறுப்புத் துணித் திரை போதும்: திரைக்கு 2 மீட்டர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தால் சுமார் 20 பாகை வரை மறைத்துவிடும். தெற்குப் பக்கம் மட்டும் வேண்டாம். துணியின் அடியில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் காற்றில் பாய்மரம்போல் விரிந்து சட்டத்தையே சாய்த்துவிடும்.

தேதிக்கு நாள்காட்டியைப் பாருங்கள். தேய்பிறை அஷ்டமி முதல் வளர்பிறை திருதியை வரை சுமார் 11 நாள்கள். அந்தத் தேய்பிறை நாள்களில் நிலவு நள்ளிரவுக்கு அப்புறம்தான் எழும், திருதியைப் பிறை 9 மணிவாக்கில் மறைந்துவிடும். 11 நாள் என்பதால் ஒவ்வொரு முறையும் ஒரு சனிக்கிழமை கட்டாயம் அதற்குள் விழும். டிசம்பர், ஜனவரி மழையில் வீணாகும் இரவுகள் அதிகம். பிப்ரவரி பொதுவாக வறண்டது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புகைமூட்டம் வரலாம். தொடங்குவதற்குச் சித்திரை, வைகாசி அமாவாசைகளை ஒட்டிய சனிக்கிழமைகளே சிறந்தவை, சிலுவையும் சப்தரிஷியும் அப்போது சேர்ந்து கிடைக்கும். இடி கேட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் எல்லோரும் கீழே இறங்க வேண்டும். திறந்த கூரையில் முக்காலியோடு நிற்பது விளையாட்டல்ல. பச்சை லேசர் வேண்டாம், மேலே விமானங்கள் போகின்றன.

செலவைப் பற்றி ஒரு வரி. 40 வாட் விளக்குகள் 20ஐ ஒன்றே முக்கால் மணி நேரம் அணைத்தால் 1.4 யூனிட் மிச்சம், ஒரு வெள்ளிகூட ஆகாது. மின்சாரச் சிக்கனம் என்று சொல்லி இதை விற்க நாங்கள் வரவில்லை.

கூரைக்கு வெளியே ஒரு வேண்டுகோள் உண்டு. சாலை விளக்கு ஒரு அமைப்பிடம், பூங்கா இணைப்புப் பாதை இன்னொன்றிடம், புளோக் நடைபாதை உங்களிடம். பத்து அடிக்குள் மூன்று உரிமையாளர்கள். அதனால் உங்கள் பங்கை மட்டும் கேட்கிறோம். அடுத்த முறை விளக்கு மாற்றும்போது, ஒளியின் நிற அளவு 3000 கெல்வினுக்கு மேல் போகாத மஞ்சள் சாயல் எல்இடியாக வாங்குங்கள். நீல ஒளி காற்றில் அதிகம் சிதறி வானத்தைத்தான் வெளுக்கும். விளக்கின் முகம் நேர் கீழே தரையைப் பார்க்கட்டும், சாய்த்துப் பொருத்த வேண்டாம். ஏழாம் மாடிப் படுக்கையறைக்குள் வெளிச்சம் விழுகிறது என்று உங்களுக்கு வரும் புகார்களும் இதில் கொஞ்சம் குறையலாம்.

முதல் இரவுக்கு ஒரு கூரை போதும். சுவிட்ச் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது, 10 மணிக்கு விளக்கைத் திரும்பப் போடுபவர் யார் என்ற இரண்டு பெயரையும் வெள்ளிக்கிழமைக்குள் முடிவு செய்துவிடுங்கள். நாற்காலியும் திரையும் கைவிளக்குத் தாளும் நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
கூரைக்குக் காத்திருக்கும் பேட்டைவாசிகள் சிலர்