பள்ளி நூலகம் தொடர்பாகப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சம்பா நடவு வேலை தலைக்கு மேல் இருக்கும் நேரம். ஆனாலும் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் நூலகத்தில் இரண்டு வேலைகளைத் தொடங்குகிறோம். இரண்டுக்கும் உங்கள் வீட்டிலிருந்து உதவி வேண்டும்.

முதல் வேலை, நூலகம் எவ்வளவு பயன்படுகிறது என்று எண்ணுவது. வழக்கமாக இருப்புப் பதிவேட்டில் பார்ப்பது இரண்டே விஷயம்: எத்தனை நூல் இருக்கிறது, எத்தனை தொலைந்தது. இந்த இரண்டும் சரியாக இருக்க பீரோவைப் பூட்டி வைத்தாலே போதும். பல ஊர்களில் நூல்கள் கரையானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் இரையாவது இப்படித்தான். தொலைந்தால் கைக்காசு போகுமே என்று நூலகப் பொறுப்பில் இருப்பவருக்கு உள்ள பயம்தான் காரணம். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, வழங்கப்படும் 1,000 நூலுக்கு ஆண்டுக்கு 5 நூல் தொலைவதை, அலட்சியமோ நேர்மைக்கேடோ இல்லாதவரை, இயல்பான இழப்பு என்றே ஏற்கிறது. நம் பள்ளியை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் எது நியாயமான அளவு என்பதற்கு நல்ல வழிகாட்டி. பிள்ளை நூலைத் தொலைத்துவிட்டால் திட்டாதீர்கள், மறைக்கவும் வேண்டாம். வந்து சொல்லச் சொல்லுங்கள்.

மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பியது 1931-இல். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதை நூலக அறிவியலின் முதல் விதியாக, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். நம் மண்ணில் இப்படித் தொடங்கிய காரியத்தைப் பூட்டுக்குள் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

ஆகவே இனி சுழற்சியைப் பார்ப்போம். ஓர் ஆண்டில் நூல்கள் வெளியே போன தடவைகளை நூல்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 1,200 நூலுக்கு 600 தடவை என்றால் 0.5. மொத்தமாக மட்டும் பார்த்தால் இந்த எண் ஏமாற்றும். சிறார் கதைகள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்க, பாடத்திட்டம் மாறிப்போன கையேடுகள் அசையாமல் கிடக்கும். அதனால் அடுக்கு வாரியாகக் கணக்கிட்டு, அசையாததில் எதைக் கழிப்பது என்று முடிவு செய்வோம்.

நூலகத்திலேயே படிப்பதும் கணக்கில் வர வேண்டும். பருவத்துக்கு இரண்டு வாரம், படித்த நூலை மேசையிலேயே விட்டுவிடச் சொல்வோம். கடைசி மணி அடித்ததும் எண்ணிவிட்டு நாங்களே அடுக்குவோம். நல்ல பிள்ளைகள் எடுத்த இடத்தில் வைத்துவிடுவார்கள், அங்கேதான் கணக்கு தப்பும். தேர்வு வாரத்திலும் தீபாவளி வாரத்திலும் எண்ணினால் பொய்யான எண்தான் கிடைக்கும், அவற்றைத் தவிர்ப்போம்.

நான் பெரிதாக நம்புவது ‘இல்லை’ நோட்டை. கேட்டுக் கிடைக்காத நூல் ஒவ்வொன்றையும் அதில் எழுதுவோம். தலைப்பு தெரிய வேண்டியதில்லை. “டீச்சர், விரால் மீன் பத்தி புக் இருக்கா?” என்று கேட்டதை அப்படியே எழுதினால் போதும். ஒருமுறை இல்லை என்று கேட்ட பிள்ளை மறுமுறை கேட்காது. அடுத்த ஆண்டு நூல் வாங்கும் பட்டியல் இந்த நோட்டிலிருந்தே தயாராகும்.

வீட்டுக்கு வரும் நூலின் பின்னட்டையில் ஒரு சீட்டு இருக்கும். பிள்ளையைத் தவிர வேறு யார் படித்தாலும் அதில் ஒரு கோடு போடுங்கள். அப்பாயி வாசிக்கச் சொல்லிக் கேட்டிருந்தாலும் ஒரு கோடு.

இரண்டாவது வேலை, ஊரின் பழைய மலர்களைப் படமெடுத்துக் கணினியில் சேர்ப்பது. உங்கள் பரணில் கும்பாபிஷேக மலர், ஊர்ப் பள்ளி ஆண்டு மலர், கூட்டுறவுச் சங்க அறிக்கை இருந்தால் கொடுத்துதவுங்கள். விளம்பரப் பக்கங்களைக் கிழித்துவிடாதீர்கள். அரிசி ஆலை, ஜவுளிக்கடை விளம்பரங்களில்தான் ஊரின் பழைய தெருப் பெயர்கள் கிடக்கின்றன. நூலை அகல விரித்து அழுத்தினால் தையல் விட்டுப்போகும். எனவே பாதி திறந்த நிலையில் வைத்து, அட்டை முதல் வெற்றுப் பக்கம் வரை எல்லாவற்றையும் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் எடுப்போம். ஏ5 அளவுப் பக்கம் வண்ணத்தில், சுருக்காமல், சுமார் 13 எம்பி வரும். 100 பக்க மலர் 1.3 ஜிபி. இது மூலப்படி. படிப்பதற்குச் சுருக்கிய பிடிஎஃப் தனியாக இருக்கும். கோப்புக்குப் பதிவேட்டு எண்தான் பெயர். ‘புதுசு 2’, ‘கடைசி’ என்று பெயரிட்டால் ஆறு மாதத்தில் எது எதுவென்று யாருக்கும் தெரியாது.

படத்தில் உள்ள எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் பழைய அச்சில் நிறையத் தடுமாறும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் லை, ளை, ணை, னை நான்கும் துதிக்கை போல மேலே சுழித்திருக்கும். றா, ணா, னா ஒரே எழுத்தாக வளைந்திருக்கும். துணைக்காலை ‘ர’ என்று படித்து ‘நாள்’ என்பதை ‘நரள்’ ஆக்கும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகளை, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றும்போது கொம்பு இடம் மாறி ‘கெ’ என்பது ‘ெக’ ஆகிவிடும். பிறகு தேடினால் எதுவும் அகப்படாது. பீரோவைப் பூட்டியதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. பழைய எழுத்தைத் தடையின்றிப் படிக்கத் தெரிந்த தாத்தா பாட்டிகள் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் வந்து பிழை பார்த்துத் தந்தால் பெரிய உதவி.

இங்கும் பயன்பாட்டை எண்ணுவோம். ஒரே கோப்பை 30 வினாடிக்குள் இருமுறை சொடுக்கினால் ஒன்றாகவே கொள்வது உலக வழக்கம், அதையே பின்பற்றுவோம். வாட்ஸ்அப் குழுவில் 40 பேருக்குப் போனதை 40 பேர் படித்ததாக எழுத மாட்டோம்.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரை கடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதனால் மூன்று பிரதிகள்: பள்ளிக் கணினியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்கில் ஒன்று, டெல்டாவுக்கு வெளியே ஒன்று. ஆண்டுக்கொரு முறை திறந்து பார்த்துச் சரிபார்ப்போம்.

பதிப்புரிமை ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு உண்டு. 1964-இல் மறைந்தவரின் எழுத்து 2025 ஜனவரி 1 முதல்தான் பொதுவானது. நாட்டுடைமை ஆக்கிய நூல்களுக்குத் தடையில்லை. மலர்களுக்கு வெளியிட்ட குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்குவோம். குழுவில் யார் இருந்தார்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள். குழுக்களில் சுற்றும் புதிய நாவல் பிடிஎஃப்களை அனுப்ப வேண்டாம்.

மலர்களை வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு மேல், பருத்தித் துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். கிழிந்த தாளுக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள். ரசீது தருவோம்; பத்து நாளில் மூலம் உங்கள் கைக்கு வந்துவிடும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்