பலகை வளைந்திருக்கிறது

அன்புள்ள சண்முகம்,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆடி மாதத்தில் பதில் எழுதுகிறேன். திட்ட வேண்டியதை ரவியிடம் திட்டி அனுப்பிவிட்டாயாம். ஒரு சொல் குறையாமல் வந்து சேர்ந்தது. மாலதிக்குப் பெண் குழந்தை பிறந்ததையும் அவன்தான் சொன்னான். மிக்க மகிழ்ச்சி. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

சேதி என்னவென்றால், நான் படித்துக்கொண்டிருக்கிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. 57 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பாடம், சிங்காநல்லூர் வீட்டுத் திண்ணையில். ஸ்ரீ நாயர் என்று ஒரு பேராசிரியர். ராஞ்சிப் பக்கம் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். கேமராவுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் வித்தையை, கம்ப்யூட்டர் விஷன் என்கிறார்கள், சின்னச் சின்ன வீடியோக்களாக்கி யூடியூபில் இலவசமாகப் போட்டிருக்கிறார். மனிதர் அவசரமே படுவதில்லை. கணக்கில் மட்டும் எனக்கு மூச்சு முட்டுகிறது. தாடி வாத்தியார் மேட்ரிக்ஸ் நடத்தியபோது கடைசி பெஞ்சில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது உனக்குத் தெரியும். அந்தக் கடனுக்கு இப்போது வட்டி கட்டுகிறேன்.

எல்லாம் கம்பெனியில் வந்து இறங்கிய ரோபோ கையால் வந்த வினை. கூடையில் கிடக்கும் பம்ப் கேஸிங்கை, அதாவது பம்பின் வெளிக்கூட்டை, இரண்டு கேமரா வைத்துப் பார்த்து எடுத்து வைக்க வேண்டியது அதன் வேலை. கூடை நிறைந்திருக்கும்போது அழகாக எடுக்கும். பாதி காலியானதும் கேஸிங் மேலேயே போய் முட்டும். அதை அமைத்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். முதலாளி என்னைப் பார்த்தார். நான் வேறு யாரையும் பார்க்க வழியில்லை. 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இந்தப் பார்வைச் சிக்கலில் பெரும்பகுதியை மாணவர்களை வைத்து ஒரே கோடை விடுமுறையில் முடித்துவிடத் திட்டம் போட்டார்களாம். நாம் ஒரு மே மாதத்தில் இந்தி கற்றுக்கொள்ளக் கிளம்பினோமே, அதே கதைதான்.

முதலில் கேமராவை அளவு பிடிக்க வேண்டும். அதற்கு என்ன கருவி தெரியுமா? சதுரங்கப் பலகை! ஜாங் என்பவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை. பலகையைப் பல கோணங்களில் சாய்த்துப் படம் எடுத்தால், கட்டங்களின் மூலைகளை வைத்து லென்ஸின் குணம் முழுவதையும் கணக்குப் போட்டுவிடலாம். எனக்குக் கை கால் ஓடவில்லை. பரணில் ஏறி, நீ விட்டுவிட்டுப் போன பலகையை எடுத்துத் துடைத்தேன். மூன்று இரவுகள் புரோகிராம் ‘மூலை கிடைக்கவில்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. நான் எட்டுக்கு எட்டு என்று எழுதியிருக்கிறேன். அது கேட்பது கட்டங்களை அல்ல, உள்ளே கட்டங்கள் சந்திக்கும் புள்ளிகளை. அவை ஏழுக்கு ஏழுதான். அதைத் திருத்திய பிறகும் பிழை, அதாவது கணக்கு சொல்லும் மூலைக்கும் படத்தில் தெரியும் மூலைக்கும் உள்ள இடைவெளி, மூன்று பிக்சலுக்குக் கீழே இறங்கவில்லை. நல்ல அளவு என்றால் அரை பிக்சலுக்குள் இருக்க வேண்டும். கடைசியில் ஸ்டீல் ஸ்கேலைப் பலகைமேல் நிறுத்திப் பார்த்தேன். நடுவில் வெளிச்சம் தெரிகிறது! பலகை வளைந்திருக்கிறது. கணக்கோ அது தட்டை என்று நம்பிப் போடப்படுவது. ஹாஸ்டலில் அதைச் சோற்றுக் குண்டானுக்கு மூடியாகப் போட்டது யார் என்று நான் எழுதத் தேவையில்லை.

கம்பெனியில் அந்தப் பையன் காகிதத்தில் அச்செடுத்துக் கண்ணாடியில் ஒட்டிய கட்டம் இருந்தது. தட்டைதான், குறையில்லை. ஆனால் எனக்குக் கை சும்மா இருக்காது, வெர்னியரை வைத்தேன். கட்டம் 25 மி.மீ. என்று புரோகிராமில் இருக்கிறது, காகிதத்தில் 24.2தான் இருக்கிறது. பிரிண்டர் தாளுக்கு அடங்கச் சுருக்கிவிட்டது. அதனால் கேமரா எல்லாத் தூரத்தையும் நூற்றுக்கு மூன்று பங்குக்குச் சற்று மேலாகக் கூட்டிப் பார்க்கிறது. 400 மி.மீ. தூரத்தில் 13 மி.மீ. தப்பு. பையன் காரணம் தேடாமல் ‘13 கழித்துக்கொள்’ என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறான். கூடை இறங்கி 600 ஆகும்போது தப்பு 20 ஆகிவிடுமே, மீதி 7 மி.மீ.யை யார் கழிப்பது? கேஸிங் மேல் முட்டியது அந்த ஏழுதான். அன்று முழுவதும் நான் கம்பெனிக்குள் நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும். நம் வார்டன் தோற்றார்.

இதைச் சொல்ல மட்டும் உட்கார்ந்திருந்தால் இத்தனை மாதம் ஆகியிருக்காது. அடுத்து வந்த பாடம்தான் என்னை நிறுத்திவிட்டது.

இரண்டு கேமராக்களுக்கும் ஒரு பொருள் கொஞ்சம் இடம் மாறித் தெரியும். அருகில் இருப்பது அதிகம் மாறும், தொலைவில் இருப்பது கொஞ்சமாக. அந்த வித்தியாசத்திலிருந்துதான் தூரம் வருகிறது. நம் இரண்டு கண்களும் ஆறு சென்டிமீட்டர் சொச்சம் தள்ளி இருப்பது அதற்குத்தான் உதவுகிறது. பாடத்தை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன், சண்முகம். 1991. கிரைண்டிங் வீல். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பாதுகாப்புக் கண்ணாடி, அன்று அது என் முகத்தில் இருந்தது. நீ ஒருநாளும் அதைப் பேசியதில்லை. நானும் பேசவில்லை. நீ பேசாததை எனக்குச் சாதகமாக வைத்துக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்துத்தான் மறுபடி திறந்தேன். ஒரே கேமராவை வைத்துக்கொண்டு தூரம் அறிவது பற்றிச் சொல்கிறார். கேமராவை நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். ரயிலில் போகும்போது பக்கத்துப் பனைமரம் ஓடிவிடும், மலை கூடவே வரும். அந்த ஓட்டத்தில் தூரம் ஒளிந்திருக்கிறது. ஒரு சிக்கல் உண்டு: எவ்வளவு நகர்ந்தோம் என்று தெரியாவிட்டால் வடிவம் கிடைக்கும், அளவு கிடைக்காது, அருகில் இருக்கும் பொம்மைக் காருக்கும் தொலைவில் வரும் நிஜக் காருக்கும் வித்தியாசம் தெரியாது. தலை எவ்வளவு அசைந்தது என்று தெரிந்தால் அந்தக் குழப்பமும் தீர்ந்துவிடும்.

நீ டம்ளரை எடுக்கும் முன் தலையைச் சாய்ப்பாய். ஊசியில் நூல் கோக்கும்போதும், பஸ்ஸில் கால் வைக்கும்போதும் சாய்ப்பாய். ‘கோழி’ என்று உன்னைக் கூப்பிட ஆரம்பித்தது நான்தான், மற்றவர்கள் பிறகு பிடித்துக்கொண்டார்கள். கோழி தலையை ஆட்டுவதும் பார்ப்பதற்காகத்தான் என்கிறார்கள். யாரும் சொல்லித்தராமல் முப்பது வருடமாக நீ இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

மன்னித்துக்கொள் என்று இங்கே எழுதி இரண்டு முறை அடித்துவிட்டேன், மேலே மைத் தடம் தெரியும். நேரில் வருகிறேன். ஆவணி முதல் வாரம், மாலதியின் குழந்தையையும் பார்த்ததாக இருக்கும். பலகையையும் கொண்டுவருகிறேன், வளைவுக்கு நீ பதில் சொல்லியாக வேண்டும்.

அதற்கு முன் ஒரு வேலை செய். காலையில் காபி டம்ளரை எடுக்கும்போது உன் தலை எத்தனை சென்டிமீட்டர் சாய்கிறது என்று தங்கச்சியை ஸ்கேல் வைத்து அளக்கச் சொல். என்னிடம் சூத்திரம் இருக்கிறது, அந்த ஒரு எண்தான் இல்லை.

உன்,
கதிரேசன்