அண்ணனைப் பற்றி நீ எழுதியது

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு வேலை கிடைத்ததில் எங்களுக்கும் ரொம்ப சந்தோஷம். ஆனால் அண்ணனைப் பற்றி நீ எழுதியிருந்ததைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார், நாலு பேர் கூடினால் எழுந்து உள்ளே போய்விடுகிறார், மறதி நோய்தான் என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள் என்கிறாய். முதலில் அவர் காதைப் பரிசோதியுங்கள். காது மந்தமானவர் பாதியைக் கேட்டு, மீதியை ஊகித்துப் பதில் சொல்வார். பார்ப்பவர்களுக்கு அது புத்தித் தடுமாற்றமாகத் தெரியும். காது கேளாமையைக் கவனிக்காமல் விட்டால் பிற்பாடு மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று லான்செட் மருத்துவ இதழின் குழு 2020-லும் 2024-லும் சொல்லியிருக்கிறது. பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனைகளையும் கேட்டுப் பார். அவற்றில் குறை இருந்தாலும் மறதி வரும், சிகிச்சையில் தேறவும் வழி உண்டு. காது மெஷின் வாங்கினால் பழகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்.

இங்கே நாங்கள் சிலர் சேர்ந்து முதியோர் பிரச்சினைகளைப் பற்றிக் கூட்டங்கள் நடத்தி வருகிறோம். எங்கே போனாலும் ‘வயசானா அப்படித்தான்’ என்ற பேச்சுதான் குறுக்கே வந்து நிற்கிறது. தூக்கம் இல்லையா, தலை சுற்றுகிறதா, யாரோடும் பேசப் பிடிக்கவில்லையா, எல்லாவற்றுக்கும் அதே பதில். முதியவர்களே அப்படிச் சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடுகிறார்கள். போன கூட்டத்துக்கு ஒரு அம்மா தான் சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார். எங்களோடு வரும் மருந்தாளுநர் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் படித்தார். இரண்டு மருத்துவர்கள் எழுதிய இரண்டு மாத்திரைகள். பெயர் வேறு, மேலுறை வேறு, உள்ளே இருந்தது ஒரே ரத்த அழுத்த மருந்து! படுக்கையிலிருந்து எழும்போதெல்லாம் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்று அந்த அம்மா வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறார். வயசு என்று விட்டுவிட்டார்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க அனுப்பினோம்.

இதையெல்லாம் மேடையில் பேசிவிடலாம். பேச முடியாதது வேறொன்று இருக்கிறது. அறுபது வயதைத் தாண்டியவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் ஓராண்டில் ஏதோ ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாகிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அடிப்பது மட்டும் இல்லை. ஏசுவது, பட்டினி போடுவது, ஏடிஎம் அட்டையைப் பிடுங்கிக்கொள்வது, படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவது எல்லாமே கொடுமைதான். செய்பவர் பல சமயம் சோறு போடுகிறவராகவே இருப்பதால் யாரும் வாய் திறப்பதில்லை. ஜூன் 15 இதற்கென்றே ஐ.நா. ஏற்றுக்கொண்ட விழிப்புணர்வு நாள். அன்றைக்கும் ‘பெரியவர்களை மதியுங்கள்’ என்று பொதுவாகப் பேசிவிட்டுக் கலைவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கூட்டம் முடிந்த பிறகு தனியாக உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது எந்தத் தாயும் சொல்ல மாட்டாள்.

பணம் சம்பந்தமாக வருகிற கேள்விகளில்தான் நாங்கள் தடுமாறுகிறோம். நீ வங்கியில் இருந்தவன். கூட்டுக் கணக்கு என்றால் என்ன, நாமினிக்கு என்ன உரிமை, பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தால் எதெல்லாம் கைவிட்டுப் போகும் என்று பெரிய எழுத்தில் ஒரே பக்கத்துக்கு எழுதி அனுப்பு. ஜூன் கூட்டத்தில் எல்லோருக்கும் கொடுக்கிறோம்.

அன்புடன்,
ராகவன்