சித்தேரி மலையிலிருந்து ஒரு நன்றி மடல்

எங்களுக்கு வீடியோ எடுக்கக் கற்றுத்தந்த அக்காவுக்கும் அண்ணனுக்கும், கூடமாட உதவிய எல்லாருக்கும் வணக்கம்.

நீங்கள் அரூர் பஸ் ஏறிப் போன பிறகும் இங்கே பேச்சு பயிற்சியைப் பற்றித்தான். வாயால் சொன்ன நன்றி போதாது, ஊரறியச் சொல்ல வேண்டும் என்று இதை எழுதுகிறோம்.

நாங்கள் மலையில் வானொலி நிகழ்ச்சி செய்கிறவர்கள், காதை நம்பி வேலை செய்கிறவர்கள். விதைப்புப் பாட்டு, மருந்துச் செடி, வன உரிமைப் பட்டாவுக்கு மனு எழுதும் முறை என்று எல்லாவற்றையும் குரலாகவே பதிந்து பழகினோம். ஆனால் சமுதாய வானொலியின் 50 வாட் டிரான்ஸ்மிட்டர் சமவெளியிலேயே பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் எட்டும். மலை குறுக்கே நின்றால் அதுவும் கிடையாது. திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன எங்கள் பிள்ளைகள் கையில் இருப்பது போன். அதில் பார்க்க, நம் ஊரைப் பற்றி நாமே எடுத்தது ஒன்றுமில்லையே என்ற குறை நெடுநாளாக இருந்தது.

நீங்கள் கேமராவிலிருந்து ஆரம்பிக்கவில்லை. அதற்கே தனி நன்றி. ஹெட்போனை மாட்டி, சாமை குத்துகிற பாட்டி வீட்டு வாசலில் எங்களை உட்கார வைத்தீர்கள். உலக்கை விழுகிற சத்தம், முறத்தில் புடைக்கிற சத்தம், நடுவில் பாட்டி மூச்சு வாங்குவது. எது முன்னால் கேட்கிறதோ அதன் பக்கத்தில் போனை வைக்கச் சொன்னீர்கள். வைத்ததும் ஆட்டாமல், மனசுக்குள் பத்து எண்ணச் சொன்னீர்கள். முறம் நிழலிலிருந்து வெயிலுக்கு வரும்போது படம் வெளுத்துப்போனது. திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டக் காட்டிய பிறகு எடுத்ததில் பறக்கிற உமி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வானொலிக்காரர்களுக்கு வீடியோ சொல்லித்தர இதைவிட நல்ல வழி இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம் 2008-இல் சங்கம் ரேடியோ என்ற சமுதாய வானொலியைத் தொடங்கிய தலித் பெண்கள், அதற்கு முன்பே வீடியோ எடுக்கக் கற்றிருந்த விவசாயிகள் என்று சாயங்காலம் சொன்னீர்களே, அன்றிலிருந்து எங்கள் தங்கச்சிகள்தான் முதல் ஆளாகக் கேமராவை எடுக்கிறார்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அடிவாரத்து வாச்சாத்தியில் இருப்பது எங்கள் சனம். 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் போலீசும் ஊருக்குள் புகுந்து பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்த கொடுமைக்கு, 2011 செப்டம்பர் 29-இல்தான் தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. அத்தனை வருஷமும் அந்தப் பெண்கள் திரும்பத் திரும்பத் தங்கள் வாயால் சொல்லி நின்றார்கள். இப்படிப்பட்ட மண்ணில் கேமரா பிடிக்கிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கே ஒரு பொழுது முழுவதையும் ஒதுக்கினீர்கள். முதலில் கேள். முகம் வேண்டாம் என்றால் கையை எடு, அதுவும் வேண்டாம் என்றால் குரல் மட்டும். எடுத்ததைப் போட்டுக் காட்டு. அழிக்கச் சொன்னால் அவர்கள் கண் முன்னாலேயே அழி. எந்த பட்டனை அழுத்துவது என்பதை நாங்களே தட்டித் தடவிக் கற்றிருப்போம். இதை யாராவது சொல்லித்தந்தால்தான் உண்டு.

முகூர்த்த நாட்களிலும் தன் ஸ்டாண்டையும் காலர் மைக்கையும் வாடகை வாங்காமல் கொடுத்த அரூர் கல்யாண வீடியோ அண்ணனுக்கும், வகுப்பறை திறந்துவிட்ட உண்டு உறைவிடப் பள்ளித் தலைமையாசிரியர் ஐயாவுக்கும், முதல் ஆளாக வந்து உட்கார்ந்து ஊரை அழைத்த ஊர்க்கவுண்டருக்கும், களியும் கீரையும் ஆக்கிப் போட்ட அக்காமாருக்கும், பெட்டிகளைப் பத்திரமாக ஏற்றி இறக்கிய கண்டக்டர் அண்ணனுக்கும் நன்றி.

எங்கள் பாட்டிக்குத்தான் பெரிய நன்றி. படமெடுக்க வேண்டும் என்பதற்காக ஏற்கெனவே குத்தி முடித்த நாளிலும் மறுபடி உரலில் சாமை போட்டார். திருப்பூரில் இருக்கும் பேரனுக்கு அந்த வீடியோவை அனுப்பினோம். அன்று ராத்திரியே கூப்பிட்டு, கூட வேலை செய்கிறவர்களுக்கும் காட்டினேன் என்றான்.

சப்டைட்டில் போடுவது மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. சாமை அறுப்புக்கு வாங்க அக்கா, அண்ணனையும் கூட்டிக்கொண்டு. அறுப்பை முழுசாக எடுக்க வேண்டும் என்று இருக்கிறோம். கூட இருந்து சொல்லிக்கொடுங்கள். தங்க இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
மலைமேல் வானொலி நிகழ்ச்சி செய்யும் உங்கள் தம்பி, தங்கைகள்